வண்ணக்கரைத் தர்மகர்த்தா ஆக்கியது யார்?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2024 மே 4, மாலை

படுவான்கரையில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை ஒன்று எழுதினேன். மூன்று நாளில் யாரோ வந்து 'வண்ணக்கர்' என்பதைத் 'தர்மகர்த்தா' என்றும், 'ஒல்லாந்தர்' என்பதை 'டச்சுக்காரர்கள்' என்றும், 'படுவான்கரை' என்பதை 'மேற்குக் கரை' என்றும் மாற்றிவிட்டார். 'சரித்திரப் பிரசித்தி பெற்ற' என்று தொடங்கியிருந்தேன், அதையும் வெட்டிவிட்டார். கேட்டால் பொதுத் தமிழில் எழுத வேண்டுமாம். பொதுத் தமிழ் என்றால் யாருடைய தமிழ்?

மே 4, இரவு 9.50

நாலு திருத்தத்தில் மூன்று பிழை, ஒன்று சரி. சரியானது எது என்று பிறகு சொல்கிறேன். இப்ப சொன்னால் மிச்சத்தைப் படிக்க மாட்டீர்கள்.

படுவான்கரை திசை இல்லை, இடப்பெயர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, கிழக்கே எழுகிற பக்கம் எழுவான்கரை. கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி எல்லாம் படுவான்கரை. இடப்பெயருக்குப் பொழிப்புரை எழுதக் கூடாது. எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் கட்டுரையே சாட்சி. 'மேற்குக் கரை' என்று மாற்றியவர் உள்ளிணைப்பும் கொடுத்திருக்கிறார். சொடுக்கிப் பார்த்தேன், பலஸ்தீனத்துக்குப் போகிறது. உங்கள் பிள்ளையார் இப்ப யோர்தான் ஆற்றங்கரையில் இருக்கிறார்.

ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் என்பவை இலங்கைப் பாடப்புத்தகச் சொற்கள். டச்சுக்காரர்கள், போர்த்துகீசியர்கள் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்கள். இரண்டும் தமிழ், இரண்டும் சரி. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628, ஒல்லாந்தர் பிடித்தது 1638. இந்தச் செய்தியை மட்டக்களப்பைப் பற்றிய கட்டுரையில் எழுதும்போது மட்டக்களப்பார் படித்த சொல்லில் எழுதுவதுதான் நியாயம். நாகப்பட்டினத்து டச்சுக்காரரைப் பற்றிய கட்டுரையில் நான் போய் 'ஒல்லாந்தர்' என்று மாற்றப் போவதில்லை. பிழை இல்லாததைத் திருத்தாமல் விட்டாலே பாதிச் சண்டை குறையும்.

மே 4, இரவு 11.15

நித்திரை வரவில்லை. வண்ணக்கர் விசயத்தை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வண்ணக்கர் என்பது நிருவாகத்தில் ஒரு பதவி. பல கோயில்களில் அது குடிவழியாக வருவது, குடியோ தாய்வழியாக வருவது. தர்மகர்த்தா என்று போட்டால் அந்தக் குடி முறை முழுக்க மறைந்துபோகிறது. யாரோ ஒரு சபையோ அரசாங்கமோ நியமித்த ஆள் மாதிரித் தெரியும். சொல் மாறினால் செய்தியே மாறிவிடுகிற இடம் இது. முதல் தடவை 'வண்ணக்கர் (கோயில் நிருவாகப் பொறுப்பாளர்)' என்று அடைப்புக்குறிக்குள் விளக்கிவிட்டு, அதற்குப் பிறகு வண்ணக்கர் என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. வெட்டியவருக்கு வண்ணக்கன் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும். சங்கப் புலவர் ஒருவருக்கே வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று பெயர். அங்கே வண்ணக்கன் என்றால் நாணயம் பார்த்து மதிப்பவன். கோயில் பொன்னையும் காசையும் பார்த்துப் பொறுப்பெடுத்தவர் என்பதால்தான் எங்கள் வண்ணக்கருக்கு இந்தப் பெயர் வந்தது. அதையும் கட்டுரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள், வாயடைத்துப் போவார்.

மே 5, காலை 6.30

மேலே கடைசி வரியை மறந்துவிடுங்கள். போடாதீர்கள்.

விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உறைத்தது. சங்க கால வண்ணக்கன் நாணயம் பார்த்தவன், சரி. எங்கள் வண்ணக்கர் கோயில் பொறுப்பாளர், சரி. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்பது நான் இரவு பதினொரு மணிக்குப் போட்ட முடிச்சு. யாராவது ஆய்வாளர் அச்சில் எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். இல்லையென்றால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியா ஏற்காது. ஆசை கிளப்புகிற முடிச்சுதான், அதனால்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயர் விளக்கங்கள் எல்லாம் இப்படித்தான் கலைக்களஞ்சியத்துக்குள் நுழைகின்றன. ஒருவருக்கு இரவில் தோன்றும், மறுநாள் ஒரு தளம் அதைப் பிரதி பண்ணும், அடுத்த வருசம் அந்தத் தளமே சான்றாக வந்து நிற்கும்.

மே 7

சரியான அந்த ஒரு திருத்தம் 'சரித்திரப் பிரசித்தி பெற்ற' என்பதை வெட்டியதுதான். கோபிக்க வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் சரித்திரப் பிரசித்தி பெறாத கோயில் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். நோட்டீசில் ஆலயம் என்ற சொல்லுக்கு முன்னால் அது அச்சகத்திலேயே கோத்து வைத்திருக்கிறது போல. எல்லாக் கோயிலுக்கும் போட்டால் எதற்கும் போடாததற்குச் சமம்.

நானும் குற்றவாளிதான். 2012 இல் நான் படித்த பாடசாலையைப் பற்றிக் கட்டுரை தொடங்கினேன். முதல் வாக்கியம் இன்னும் மனப்பாடம்: 'கிழக்கிலங்கையின் கல்வி வானில் சுடர்விடும் தாரகையாய், எண்ணற்ற கல்விமான்களை உருவாக்கிய பெருமைக்குரிய எமது கலைக்கூடம்.' ஒரு வாக்கியத்தில் தாரகையும் இருக்கிறது, எமதும் இருக்கிறது. எந்த ஊரில், எப்போது தொடங்கியது என்பது மட்டும் இல்லை. என் ஆசிரியர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'அமரர்', 'நல்லாசான்' என்று இரண்டு பட்டம் வேறு. அடுத்த நாள் யாரோ அந்த வாக்கியத்தை இப்படி ஆக்கியிருந்தார்: 'மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள ஒரு பாடசாலை.' நெஞ்சு பற்றி எரிந்தது. ஒரு கிழமை விக்கிப்பீடியாக் கணக்குப் பக்கமே போகவில்லை.

இப்ப யோசித்தால், அவர் வெட்டியதில் ஒரு தகவலும் போகவில்லை. போனது முழுக்க என் வாய்தான். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார், மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கமும் அந்த ஆண்டுதான். இதை எழுதிவிட்டால் 'பழம்பெரும்' என்று ஒரு சொல் வேண்டுமா? கணக்கு வாசிக்கிறவருக்குத் தெரியும்.

மே 8

ஏறாவூரில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: 'அப்ப அண்ணே, மாமாங்கத்தையும் ஒரு கோயில் என்றுதான் எழுதணுமோ?'

ஓம். 'அமிர்தகழியில் உள்ள ஒரு சிவன் கோயில்.' அதற்குப் பிறகு ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைப் பற்றி எழுதுங்கள். மகிமையை அந்தத் தீர்த்தக்குளமே சொல்லும்.

மே 11, சனி

மழை. வேலை இல்லை. மனதில் கிடக்கிற ஒன்றைக் கொட்டுகிறேன்.

தமிழ்நாட்டார் எங்கள் சொல்லை மாற்றுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். எங்கள் நடையில் எங்களுக்கே உரிய வியாதி ஒன்று இருக்கிறது: காணப்படுகின்றது. 'இவ்வூரில் இரு பாடசாலைகள் காணப்படுகின்றன.' 'இங்கு விவசாயம் பிரதான தொழிலாகக் காணப்படுகின்றது.' யார் கண்டது? இருபது வருசமாக அரசாங்கக் கந்தோரில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். கடிதங்களில் எல்லாம் 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றது', 'அறியத்தரப்படுகின்றது', 'கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்'. அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதினால் வேறென்ன வரும்? என் பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து எண்ணினேன். ஒரே பந்தியில் ஏழு 'காணப்படுகின்றது'. ஏழையும் 'இருக்கிறது', 'உண்டு' என்று மாற்றினேன். பந்தி மூன்று வரி சுருங்கியது.

காணப்படவில்லை என்று எழுத வேண்டியவை எங்கள் ஊரில் வேறு நிறைய இருக்கின்றன. அது வேறு கதை.

மற்ற வியாதி 'என்பது … ஆகும்'. 'வாவி என்பது கடலோடு தொடர்புடைய ஒரு நீர்நிலை ஆகும்.' ஆங்கிலக் கட்டுரையின் முதல் வாக்கியத்தைப் பிடித்து வைத்த அச்சு அது. 2010ஐ ஒட்டி கூகுள் நிறுவனம் ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்து ஏற்றியது. தமிழ் விக்கிப்பீடியர்கள் அப்போதே அந்த நடையைப் பற்றி முறையிட்டார்கள். இப்ப பெயர்க்க ஆள்கூடத் தேவையில்லை, பொறி பெயர்த்துத் தருகிறது, நாங்கள் ஆகும் ஆகும் என்று அடுக்குகிறோம். என் மருமகள் வந்தாறுமூலையில் படிக்கிறாள். 'மாமா, உங்கட கட்டுரையை வாய்விட்டு வாசிச்சா ஆகும் ஆகும் என்று மந்திரம் சொல்ற மாதிரி இருக்கு' என்றாள். அன்றிலிருந்து சேமிக்கிற பொத்தானை அமத்த முதல் ஒருதரம் வாய்விட்டு வாசிக்கிறேன். மனிசி போனில் யாரோடு கதைக்கிறீங்கள் என்கிறாள்.

மே 12

எழுத்துச் சண்டை தொடங்கும் என்று தெரியும், தொடங்கிவிட்டது. கிரந்தம்.

காத்தான்குடியில் எனக்கு நெருங்கிய ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) இருக்கிறார், அச்சகம் வைத்திருந்தவர். ஒருநாள் 'இசுலாம்', 'முசுலிம்' என்று இருந்த கட்டுரையைக் கைபேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'தம்பி, எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில இஸ்லாம் என்றுதான் படிச்ச நாங்க. வேற ஆள் வந்து எங்கட பேரை எங்களுக்கே திருத்துறதோ?' பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை கிரந்தம் தவிர்ப்பதில் நானும் தீவிரக்காரன்தான். தமிழுக்குத் தமிழெழுத்துப் போதும் என்று ஆலமரத்தடியில் (விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறேன். இப்பவும் பொதுச்சொல்லில் தவிர்க்கலாம் என்றே நினைக்கிறேன். பேருந்து இருக்க பஸ் எதற்கு? ஆனால் ஒரு ஆளின் பெயர், ஒரு சமயத்தின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று வரும்போது அந்த ஆட்கள் தங்களை எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அவுஸ்திரேலியா சிக்கலுக்கு நான் வரவில்லை. எங்களுக்கு அவுஸ்திரேலியா, தமிழ்நாட்டுக்கு ஆஸ்திரேலியா, விக்கிப்பீடியாவில் ஆத்திரேலியா. மெல்பேணில் இருக்கிற என் சித்தப்பா மகன் 'நான் எந்த நாட்டில இருக்கிறேன் என்று முடிவு பண்ணிச் சொல்லுங்கோ' என்கிறான்.

மே 12, இரவு

'அந்த ஆட்களே எப்படி எழுதிக்கொண்டார்கள்' என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். ஒருவர் உடனே கேட்டுவிட்டார்: தமிழறிஞர் சுவாமியின் பெயர் விபுலாநந்தரா, விபுலானந்தரா?

நல்ல அடி. இரண்டு மாதிரியும் அச்சில் இருக்கிறது, இரண்டு மாதிரியும் பலகைகளில் இருக்கிறது. வடமொழியில் அது ஆநந்தம், அதனால் பழைய முறைப்படி ந. தமிழில் சொல்லுக்கு நடுவில் ன தான் இயல்பு என்பது மற்றப் பக்கம். 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் பணிக்கு முன்னின்ற மனிதரின் பெயரிலேயே எங்களுக்கு ஒரு முடிவு இல்லை. என் வழி இதுதான்: தலைப்புக்கு ஒன்றை எடுங்கள், மற்றதைத் தேடினாலும் அங்கேயே வர வழிமாற்றுப் போடுங்கள், கட்டுரைக்குள் ஒன்றையே கடைசிவரை எழுதுங்கள். மாறி மாறி எழுதுவதுதான் அசிங்கம். நான் ந பக்கம். காரணம் கேட்டால், கல்லடியில் சிறு வயதில் பார்த்துப் பழகிய கண். அது சான்று ஆகாது, தெரியும்.

அதைவிட முக்கியமான சண்டை பிறந்த இடம். 1892 இல் காரைதீவில் பிறந்தார். காரைதீவு இப்போது அம்பாறை மாவட்டம், அந்த மாவட்டம் உருவானதோ 1961 இல். ஒருவர் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்று எழுதுவார், மற்றவர் 'அம்பாறை மாவட்டம்' என்று மாற்றுவார், மறுகா மற்றவர் திருப்புவார். கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தால் வாரத்துக்கு ஒருமுறை சுவாமியை மாவட்டம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 'அன்றைய மட்டக்களப்புப் பகுதியில், இன்றைய அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவு' என்று எழுதினால் இரண்டு பேரும் கையை எடுப்பார்கள். நீளம்தான், ஆனால் உண்மை அவ்வளவு நீளம். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்பு காரைதீவு என்றுதான் பெயர், ஆகவே எந்தக் காரைதீவு என்று பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தலும் வேண்டும். ஒருமுறை இணைப்பை மாற்றிப் போட்டு சுவாமியை யாழ்ப்பாணத்தில் பிறக்கவைத்த பெருமை எனக்கும் உண்டு. அரை மணித்தியாலம்தான். அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது.

மே 15

'இப்போது', 'தற்போது', 'அண்மையில்', 'இன்று வரை' நான்கையும் எழுத வேண்டாம்.

2011 இல் கல்லடிப் பாலத்தைப் பற்றி எழுதினேன். லேடி மன்னிங் பாலம், 1924, ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயர், எல்லாம் போட்டுக் கடைசியில் 'தற்போது அருகில் புதிய பாலம் கட்டப்பட்டு வருகின்றது' என்று முடித்தேன். புதிய பாலம் 2013 இல் திறந்தாயிற்று. ஒவ்வொரு நாளும் அதன் மேலால்தான் மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போய் வருகிறேன். பழையது பக்கத்தில் நிற்கிறது, தினமும் திரும்பிப் பார்க்கிறேன். 2019 வரை என் கட்டுரையில் பாலம் கட்டப்பட்டு வந்துகொண்டே இருந்தது. இலங்கையிலேயே அதிக காலம் கட்டிய பாலம் அதுதான்.

ஆண்டைப் போட்டு எழுதியிருந்தால், '2011 இல் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது' என்றிருந்தால், பழசாகியிருக்கும், பொய்யாகியிருக்காது.

மே 15, பிறகு

ஆண்டு என்றதும் நினைவு வந்தது. 2011ல், 2011-ல், 2011 இல், 2011ஆம் ஆண்டில். எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். இதற்காக உறவு முறிந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மே 18

இன்று 'கூறப்படுகிறது'.

மீன் பாடும் தேன்நாடு என்று எழுதாத மட்டக்களப்பான் இல்லை. கலைக்களஞ்சியத்தில் என்ன எழுதுவது? 'வாவியில் மீன்கள் பாடுகின்றன' என்று எழுதினால் சான்று கேட்பார்கள். 'மீன்கள் பாடுவதாகக் கூறப்படுகிறது' என்று எழுதினால் தப்பிக்கலாம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். கோழைத்தனம் அது. யார் கூறியது? எப்போது? சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்களே. பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848 இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய்க் கேட்டு, கேட்டதை எழுதியிருக்கிறார். சத்தம் ஊரியிலிருந்து, அதாவது சிப்பி சங்கு வகையிலிருந்து வருகிறது என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். ஆக 'டெனன்ட் 1848 இல் கேட்டதாக எழுதுகிறார். மீனவர்கள் அதை ஊரியின் சத்தம் என்றனர்' என்று போட்டால் ஆளும் இருக்கிறார், ஆண்டும் இருக்கிறது. மீனா ஊரியா என்பதை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கேட்டிருக்கிறேனா என்று மருமகள் கேட்டாள். பௌர்ணமி இரவில் அப்பாவோடு பாலத்தடிக்குத் தோணியில் போய், சவளின் (துடுப்பின்) நுனியைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்திருக்கிறேன். ஏதோ கேட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். இதுவும் சான்று ஆகாது.

கொக்கட்டிச்சோலைக் கல் நந்தி புல் தின்றதும் இதே வகை. போர்த்துக்கேயன் வந்து கேலி பண்ண, நந்தி எழும்பிப் புல் தின்று சாணம் போட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒருவர் அதை 'வரலாறு' என்ற தலைப்பின் கீழ் எழுத, வேறொருவர் 'மூடநம்பிக்கை' என்று முழுவதையும் நீக்கினார். இருவரும் பிழை. 'தல ஐதீகம்' என்று தனித் தலைப்பு வைத்து அங்கே நந்தியை வயிறாரத் தின்ன விடுங்கள். அந்தக் கதை ஊரில் சொல்லப்படுகிறது என்பது உண்மைதானே.

மே 19

மேலே 'சொல்லப்படுகிறது' என்று நானே எழுதியிருப்பதை மூன்று பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பார்த்தேன். சரி.

மே 24

குளிர்த்திச் சடங்குக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தோம். அம்மாவின் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில். கேள்வி கேட்டவருக்காக ஒரு வேலை பார்த்து வந்தேன்.

எங்கள் கட்டுரைகளுக்குச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். கிழக்கில் ஊர்க் கோயிலைப் பற்றி அச்சில் இருப்பது பெரும்பாலும் கும்பாபிஷேக மலர்தான். வாழ்த்துச் செய்தி இருபது பக்கம், விளம்பரம் பத்துப் பக்கம், நடுவில் ஊர் ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்று. அந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கும். பக்தியில் எழுதியது, ஆகவே மகிமைக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் எந்த ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தது, எந்தெந்தக் குடிக்கு என்னென்ன முறை என்பதற்கு அதைவிட வேறு சான்று கிடையாது. எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்த்தால் மலரும் நல்ல சான்றே. அம்மாவின் ஊர்க் கோயில் மலர் ஒன்று மாமியின் அலுமாரியில் கிடந்தது, அட்டை இல்லை, கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. படம் எடுத்து வந்திருக்கிறேன். அப்படியே பார்த்து எழுதக் கூடாது, சொந்த வசனத்தில் எழுதிப் பக்க எண் கொடுக்க வேண்டும். மலர்க்காரருக்கும் உரிமை இருக்கிறது. உங்கள் ஊர் மலரும் யாருடையவாவது அலுமாரியில் இருக்கும், தேடுங்கள்.

குளிர்த்தியில் நின்றபோது இன்னொரு சொல்லும் நினைவு வந்தது: கப்புகனார், அம்மனுக்குப் பூசை செய்பவர். அதையும் யாராவது 'அர்ச்சகர்' என்று மாற்ற முதல் விளக்கம் போட்டு வையுங்கள்.

மே 26

எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாளாக நினைத்தேன்.

சுனாமி, ஆழிப்பேரலை, கடற்கோள். மூன்றில் எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆழிப்பேரலை நல்ல சொல், அழகான சொல். எனக்கு அந்த அழகுதான் பிரச்சினை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள். அன்றைக்கு எங்களுக்கு அதற்குப் பெயரே தெரியாது. 'கடல் வருது' என்றுதான் கத்தினார்கள். பெயர் பிறகு வானொலியில் வந்தது. இன்றைக்கும் ஊரில் 'சுனாமிக்கு முந்தி', 'சுனாமிக்குப் பிந்தி' என்றுதான் காலம் சொல்கிறார்கள். நினைவுத் தூண்களிலும் சுனாமி என்ற சொல்லையே பார்க்கிறேன். ஆகவே சுனாமி என்று எழுதிவிட்டு முதல் இடத்தில் ஆழிப்பேரலை என்று அடைப்புக்குள் போடலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

நான் சண்டை போட்டது வேறு விசயத்துக்கு. நாவலடிப் பகுதிக் கட்டுரையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று எழுதினேன். 'சான்று தேவை' என்று குறிப்பு வார்ப்புரு போட்டார்கள். பிறகு நீக்கினார்கள். பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: 'சான்று நான்தான். எந்தத் தென்னையில், எந்த வடு வரைக்கும் என்று எனக்குத் தெரியும்.' எழுதும்போது கை நடுங்கியது. மறுபக்கத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஆனால் களஞ்சியம் நினைவுக்குறிப்பு இல்லை என்றார். பல மாதம் அவரை மன்னிக்கவில்லை.

இப்ப சொல்கிறேன், அவர் செய்தது சரி. எனக்குத் தெரிந்த உயரத்தைச் சரிபார்க்க முடியாத ஒருவர், பொய்யாக எழுதப்பட்ட உயரத்தையும் சரிபார்க்க முடியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். அதைச் சான்றோடு, 'பலியாகினர்', 'காவு கொண்டது', 'கோரத் தாண்டவம்' எதுவும் இல்லாமல், இறந்தனர் என்று எழுதினால் போதும். காவு, கோரம் எல்லாம் எழுதிய என் பழைய பந்தியை நானே திரும்ப எழுதினேன். முன்பு பதினாறு வரி, இப்ப ஐந்து. ஐந்தையும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

தென்னையின் உயரத்தை வேறொரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது களஞ்சியம் இல்லை.

ஜூன் 2 (அல்லது யூன் 2, அல்லது சூன் 2)

மே மாதம் முழுக்க இந்தத் தலையிடி இல்லாமல் எழுதினோம்.

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பேச்சுப் பக்கத்தில் கோபப்படாமல் எழுதினாராம், வெட்டியவர் மதுரைப் பக்கத்து ஆசிரியராம், வண்ணக்கரைத் திரும்ப வைக்க உடனே ஒத்துக்கொண்டாராம். 'படுவான்கரை என்று ஒரு இடம் இருப்பதே தெரியாது, மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஒல்லாந்தரும் திரும்பிவிட்டார்கள். 'சரித்திரப் பிரசித்தி' திரும்பவில்லை. நாங்கள் ஒரு மாதமாகத் தமிழ்நாட்டாரைப் பேசிய பேச்சுக்கு அவர் இப்படி நல்ல மனிசனாக இருந்தது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதற்கிடையில் புதுச் சண்டை. எங்கள் பக்கத்துக் குழம்பைப் பற்றி 'ஆணம்' என்று ஒருவர் தனிக் கட்டுரை எழுத, அதைச் 'சொதி'யோடு இணைக்க வேண்டும் என்று முன்மொழிவு. முன்மொழிந்தவர் தமிழ்நாட்டாரும் இல்லை, எங்கள் இலங்கை ஆள்தான், வடக்கு. எங்கள் வீட்டில் சொதி என்றால் யாழ்ப்பாணத்துச் சாமான். ஆணம் என்றால் ஆணம். புளியாணத்தைச் சொதி என்று எழுதிவிட்டு எங்கள் மாமி வீட்டுக்கு ஒருதரம் வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். காத்தான்குடி நானாவிடம் கேட்டேன். இந்த விசயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. இணைப்புக்கு எதிராக வாக்கிட்டாயிற்று. ஆனால் செய்முறையை 'சுவையோ சுவை' என்று முடித்திருக்கிறார் எழுதியவர், அதை மட்டும் நானே வெட்டினேன்.

ஜூன் 2, இரவு

ஆணத்துக்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். பழைய தமிழ் அகராதிகளில் ஆணம் என்ற சொல் குழம்பு என்ற பொருளில் இருக்கிறது, அதைக் காட்டலாம். மாமியைக் காட்ட முடியாது.

ஜூன் 9

மருமகள் இந்த இழையை முதலிலிருந்து வாசித்திருக்கிறாள். 'மன்னிங் என்று எழுதியிருக்கிறீங்கள் மாமா. எங்கட வரலாற்றுப் புத்தகத்தில மனிங் சீர்திருத்தம் என்று வரும். வேற இடத்தில மானிங். எது?'

தெரியவில்லை. நாளைக்குக் கந்தோருக்குப் போகும்போது பழைய பாலத்தடியில் நிறுத்தி, பலகையில் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து வருகிறேன்.

ஜூன் 10

மழை. எடுக்கவில்லை.